புதுப்பிப்பு: மேல்முறையீடு ஜெயித்தது, பாதிப் பணம் இன்னும் வரவில்லை

பதினோரு வருட ஆம்புலன்ஸ் பணிக்குப் பிறகு எனக்கு பிடிஎஸ்டி (கொடூர அனுபவங்களுக்குப் பிறகு வரும் மன அதிர்ச்சி நோய்) என்று மருத்துவர் உறுதி செய்தும், "குறிப்பிட்ட ஒரு சம்பவம் காட்டப்படவில்லை" என்று இழப்பீட்டை மறுத்துவிட்டார்கள் என முந்தைய பதிவில் புலம்பியிருந்தேன். மேல்முறையீட்டில் ஏற்றுக்கொண்டார்கள்.

திருப்பம் மருத்துவ அறிக்கையில்தான். முதல் அறிக்கையில் "பணி அழுத்தம்" என்ற சொல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, இது எல்லா வேலையிலும் உள்ளதுதானே என்றார்கள். இரண்டாவது அறிக்கையில் மனநல மருத்துவர் அந்தச் சொல்லையே தொடவில்லை. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வரையறைக் கையேடு) வரையறையை எடுத்துக்காட்டினார்: வேலையின் பகுதியாகக் கொடூரமான விவரங்களைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதும் அதிர்ச்சிதான், ஒரே பெரிய விபத்து தேவையில்லை. மனித உடற்பாகங்களைச் சேகரிக்கும் முதல்நிலை மீட்பாளர்களையே அது உதாரணமாகச் சொல்கிறது! கூடவே அழைப்புப் பதிவேட்டிலிருந்து தேதிகளை இணைத்தோம். எல்லாவற்றையும் நான் மறுபடி விவரிக்க வேண்டியிருக்கவில்லை. அதுவே பெரிய நிம்மதி.

'அனுமான விதி' பற்றிக் கேட்டவர்களுக்கு: கனடாவின் ஒன்டாரியோவில் 2016 முதலும், கலிபோர்னியாவில் தீயணைப்பாளர்கள், காவலர்களுக்கு 2020 முதலும் அது உண்டு. வேலையால் வந்த நோய் என்றே எடுத்துக்கொள்வார்கள்; இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் பாடு. எனக்கு அந்தச் சலுகை இல்லை.

சரி, இப்போதைய நிலை: சிகிச்சைச் செலவு வந்துவிட்டது. விடுப்புக் கால ஊதியத்துக்கு இன்னொரு படிவம் கேட்டிருக்கிறார்கள், நேற்று அனுப்பினேன்.