செஸ் ராபிட்ல ரேட்டிங் 1050 தாண்ட மாட்டேங்குது, பசில் மட்டும் 1900 போகுது. எங்க கோட்டை விடறேன்?

ராத்திரி_ராபிட்:
வணக்கம் மக்களே. செஸ்.காம்ல 10 நிமிஷ ராபிட் ஆடறேன், லாக்டவுன் சமயத்துல ஆரம்பிச்ச பழக்கம், ரொம்ப நாளா 1000-க்கும் 1100-க்கும் நடுவுல ஊஞ்சல் ஆடிட்டு இருக்கேன். 1100 தொட்டேன்னு சந்தோஷப்பட்டா மறுநாளே வரிசையா தோத்து 1030-ல வந்து நிக்கும். வேலை முடிஞ்சு வந்து பாப்பா தூங்கின அப்புறம்தான் போனை எடுப்பேன், அதனால பத்து பத்தரைக்கு மேலதான் ஆட்டம்.

பசில் (குடுத்த பொசிஷன்ல நல்ல மூவைக் கண்டுபிடிக்கற புதிர்) ரேட்டிங் 1900 கிட்ட இருக்கு. ஃபோர்க் (ஒரே காய் ரெண்டு காயை மிரட்டறது), பின் (நகர்ந்தா பின்னாடி இருக்கற பெரிய காய் மாட்டும்னு ஒரு காய் கட்டுண்டு நிக்கறது), டிஸ்கவர்டு அட்டாக் (ஒரு காய் விலகினதும் பின்னாடி காய் அடிக்கறது) எல்லாம் சட்டுன்னு தெரியுது. ஓப்பனிங்கும் (ஆரம்ப மூவ்கள்) ஓரளவு ஓகே, வெள்ளைன்னா இட்டாலியன், கருப்புல எதிராளி ஈ4 (காய் போற கட்டம், எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை) ஆடினா காரோ-கான், டி4 ஆடினா மட்டும் அன்னிக்கு தோணுறது. முதல் பத்து பதினஞ்சு மூவ்ல எனக்குதான் நல்ல பொசிஷன், பல தடவை ஒரு காயே அதிகமா இருக்கும், ஆனா கடைசியில தோத்திருப்பேன் இல்ல டிரா ஆகியிருக்கும். எதிராளி என்னை விட ஒண்ணும் பெரிய ஆளு இல்ல, அதான் வயிறு எரியுது.

என்ன படிக்கணும்? புது ஓப்பனிங் கத்துக்கவா, கோர்ஸ் ஏதாவது வாங்கவா, இல்ல பசிலையே இன்னும் நிறைய போடவா?

ஹெச்4_தள்ளு:
ப்ரோ லண்டன் ஓப்பனிங் ஆடுங்க. டி4, பிஷப் (மந்திரி) எஃப்4, ஈ3, சி3, கண்ண மூடிட்டு ஆடலாம், எதிராளி என்ன ஆடினாலும் உங்க மூவ் அதேதான். நான் மாத்தின அப்புறம்தான் ஏறினேன்.

யானைப்படை:
கண்ண மூடிட்டு ஆடறதுதான் இவருக்கு பிரச்சனைன்னு நினைக்கறேன் 😀 லண்டன் அப்புறம் பாக்கலாம். ராத்திரி, தோத்த கேம் லிங்க் கொஞ்சம் போடுங்க, ஜெயிச்சது வேணாம். ஒவ்வொரு கேம்லயும் முடியும்போது உங்க கடிகாரத்துல எவ்வளவு மிச்சம் இருந்துச்சுன்னும் சொல்லுங்க.

ராத்திரி_ராபிட்:
போட்டிருக்கேன் அண்ணா. டைம் நான் கவனிச்சதே இல்ல, இப்ப பாத்தா விசித்திரமா இருக்கு. தோத்த கேம்ல எல்லாம் அஞ்சு ஆறு நிமிஷம் அப்படியே மிச்சம் கெடக்கு. சிலதுல மட்டும் எண்ட்கேம்ல (காய் கொஞ்சமா மிஞ்சற கடைசிக் கட்டம்) இழுத்து ஃபிளாக் விழுந்திருக்கு, அதாவது டைம் தீர்ந்து போச்சு.

யானைப்படை:
பாத்தேன். உங்க பலம் நெஜமாவே பலம்தான், அத முதல்ல சொல்லிடறேன். காரோ-கான் நல்லா புரிஞ்சு ஆடறீங்க, சி8 பிஷப்பை வெளிய எடுத்துட்டுதான் ஈ6 ஆடறீங்க, அந்த ரேட்டிங்ல பாதி பேரு அதை உள்ளயே அடைச்சு வெச்சிருப்பான். எதிராளி காயை சும்மா விட்டா விடாம வெட்டறீங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். ரெண்டாவதா போட்ட இட்டாலியன் கேமைத் திறந்து வெச்சுக்கோங்க. நீங்க காசில் பண்ணியாச்சு (ராஜாவை யானை பக்கம் ஓரமா ஒதுக்கியாச்சு), டி3, ஹெச்3 ஆடியாச்சு, ராணி ஈ2-ல. அவன் பிஷப் சி5-ல. அவன் எஃப்6 குதிரையை ஹெச்5-க்கு கொண்டு போறான். நீங்க அதுக்கு எவ்வளவு நேரம் யோசிச்சீங்க தெரியுமா? ரெண்டு செகண்டு. ஏ4 தள்ளி அந்தப் பக்கம் பிஷப்பை சிக்க வைக்கப் போயிட்டீங்க. அடுத்த மூவ் குதிரை ஜி3. ஜி3-யை எஃப்2 சிப்பாய் பாத்துக்கும்னு மனசுல இருந்திருக்கும், ஆனா சி5 பிஷப் நேரா ஜி1 ராஜாவைப் பாக்குது, நடுவுல டி4, ஈ3 காலி, அதனால எஃப்2 சிப்பாய் பின் ஆகி நிக்குது, வெட்ட முடியாது. ஹெச் சிப்பாயை ஏற்கனவே நகர்த்தியாச்சு, அதுவும் வெட்டாது. ஒரே குதிரை ராணியையும் எஃப்1 யானையையும் ஃபோர்க் போட்டுடுச்சு. ராஜாவை ஹெச்2-க்கு நகர்த்தியிருந்தா பின்னும் விட்டிருக்கும், ஜி3-க்கு ஒரு காவலும் கெடச்சிருக்கும்.

இதே பொசிஷனை கருப்பு பக்கத்துலேந்து பசிலா குடுத்தா நீங்க அஞ்சு செகண்டுல போட்டுடுவீங்க, சத்தியமா. பசில்ல “இங்க ஏதோ இருக்கு, கண்டுபிடி”ன்னு முன்னாடியே சொல்லிட்டு குடுக்கறான். கேம்ல அப்படி யாரும் வந்து காதுல ஓத மாட்டாங்க. அதுவும் பசில் முக்காவாசி நாம அடிக்கற பக்கம்தான், அடி வாங்கற பக்கம் உக்காந்து யோசிக்கற பழக்கமே வர்றதில்ல. உங்க 1900-க்கும் 1050-க்கும் நடுவுல இருக்கற பள்ளம் அதுதான். பசில் ரேட்டிங் எப்பவுமே கொஞ்சம் உப்பித்தான் இருக்கும், அதை கேம் ரேட்டிங்கோட ஒப்பிடவும் கூடாது.

அதனால கோர்ஸ் வாங்காதீங்க. எதிராளி மூவ் வெச்சதும் முதல்ல இது எதுக்கு வந்துச்சு, அடுத்த மூவ்ல இது எனக்கு செக் வெக்குமா, எதையாவது வெட்டுமா, எதையாவது மிரட்டுமான்னு பாத்துட்டு அப்புறம் உங்க பிளானுக்கு போங்க. உங்ககிட்ட தான் அஞ்சு நிமிஷம் வீணா கெடக்கே.

கோவை_கிங்ஸைடு:
யானைப்படை சொன்னது சரிங்க, நான் இன்னொண்ணு பாத்தேன். மூணாவது கேம்ல ஒரு பிஷப் அதிகமா வெச்சிருக்கீங்க. அப்ப என்னங்க பண்ணோணும், ராணியை மாத்திட்டு, யானையை மாத்திட்டு, போர்டைக் காலி பண்ணிட்டே வந்தா அந்த பிஷப் ஒண்ணே கேமை முடிச்சுக் குடுத்துடும். அவன் ராணியை மாத்தலாம்னு எதிர்ல வந்து நிக்கறான், நீங்க ஒதுங்கி ஓடறீங்க! மேட் போட்டுத்தான் ஜெயிக்கோணும்னு எதுக்கு அவசரம்?

ராத்திரி_ராபிட்:
ராணி இல்லாம எனக்கு ஆடத் தெரியாதுங்க, அதான் நெஜம். ராணி போயிட்டா ஜெயிக்கற பொசிஷனும் டிராவுக்கு போயிடும்னு பயம்.

கணக்கு_வாத்தியார்_ஓய்வு:
தம்பி, அந்த பயத்துக்கு காரணம் நீங்க போட்ட கடைசி கேம்லயே இருக்கு. கடைசியில ரெண்டு ராஜா, உங்ககிட்ட ஒரே ஒரு சிப்பாய். உங்க ராஜா ஈ4, சிப்பாய் ஈ2, அவன் ராஜா ஈ6, மூவ் உங்களுது. இது கண்ண மூடிட்டு ஜெயிக்கிற பொசிஷன். சிப்பாயை ஒரே ஒரு கட்டம், ஈ3 வெச்சா போதும். இப்ப ரெண்டு ராஜாவும் நேருக்கு நேர், மூவ் அவனுக்கு. அவன் விலகித்தான் ஆகணும், வலது பக்கம் போனா நீங்க இடது பக்கமா ஏறுங்க, இடது பக்கம் போனா வலது பக்கமா ஏறுங்க, சிப்பாய் பின்னாடியே வந்து ராணி ஆயிடும்.

நீங்க என்ன பண்ணீங்க, ராஜாவை எஃப்4-க்கு நகர்த்தி, அவன் எஃப்6 வந்ததும் சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளி ஈ4 வெச்சுட்டீங்க. முடிஞ்சுது, டிரா. ராஜா முன்னாடி போகணும், சிப்பாய் பின்னாடி வரணும். அந்த ஒரு கட்ட மூவை கையில மிச்சம் வெச்சிருக்கறதுதான் காசு.

ரெண்டு ராஜாவும் நேருக்கு நேர் நின்னு மூவ் எதிராளிக்கு வர்றதுக்கு ஆப்பசிஷன்னு பேரு. லிச்செஸ்ங்கற செஸ் சைட்ல பிராக்டிஸ் பகுதியில இலவசமா இருக்கு, கம்ப்யூட்டரே எதிர்ல ஆடும், தப்பா வெச்சா உடனே தெரிஞ்சிடும். இதை சின்னப்பசங்க பாடம்னு நெனைக்காதீங்க. 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல குகேஷ் உலக சாம்பியன் ஆன அந்த 14-வது கேமே சிப்பாய் எண்ட்கேம்லதான் முடிஞ்சுது. எதிராளி டிங் லிரென் 55-வது மூவ்ல யானையை எஃப்2-க்கு கொண்டு வந்து மாத்திக்கலாம்னு நின்னாரு, யானை போச்சு, உடனே குகேஷ் டி5-ல பிஷப்பை வெச்சு பிஷப்பையும் மாத்த வெச்சாரு, மிச்சம் இருந்தது ராஜாவும் சிப்பாயும்தான், குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம், டிங் அதோட கை குடுத்துட்டாரு. எதை மாத்தணும், எப்ப மாத்தணும்னு தெரியணும்னா மாத்தின அப்புறம் வர்ற எண்ட்கேம் ஜெயிக்குமா தோக்குமான்னு தெரியணும் தம்பி. ராணியை மாத்த பயப்படறதுக்கு மருந்து அங்கதான் இருக்கு.

ஹெச்4_தள்ளு:
எல்லாம் சரி வாத்தியாரே, ஆனா 1000-ல எண்ட்கேம் வரைக்கும் எவன் போறான்? 20 மூவ்ல யாராவது ராணியைத் தொலைச்சுடுவான்.

கணக்கு_வாத்தியார்_ஓய்வு:
அவர் போட்ட கேம்லயே வந்திருக்கு, திறந்து பாருங்க. தொலைக்கறதை நிறுத்திட்டா தினமும் வரும்.

ராத்திரி_ராபிட்:
ஐயா அந்த ஈ3 மூவைப் பாத்து தலையில அடிச்சுக்கிட்டேன். ரெண்டு சந்தேகம். ஒண்ணு, இட்டாலியன்ல எதிராளி குதிரை எஃப்6 வெச்சா நான் குதிரை ஜி5 போய் எஃப்7-ஐ அடிப்பேன், முன்ன நல்லா விழுவாங்க, இப்ப யாரும் விழறதில்ல, மாத்தணுமா? ரெண்டு, 10 நிமிஷம் விட்டு பெரிய கேம் ஆடணுமா?

யானைப்படை:
அவன் டி5 ஆடி, நீங்க ஈ சிப்பாயால வெட்டி, அப்புறம் அவன் குதிரையால திருப்பி வெட்டினாதான் எஃப்7-ல குதிரையைக் காவு குடுத்து அடிக்கறது நல்லா விழும். இப்ப எல்லாரும் சி6 குதிரையை ஏ5-க்கு எடுத்துடறான், நீங்க ஒரு சிப்பாய் அதிகமா வெச்சுக்கிட்டு உங்க பிஷப்பும் குதிரையும் துரத்து வாங்கிட்டே இருக்கும், அவன் காய் எல்லாம் வெளிய வந்துடும். தப்பான ஓப்பனிங் இல்ல, பெரிய ஆளுங்களும் ஆடறதுதான், ஆனா துரத்து வாங்கத் தெரியணும். உங்களுக்கு இப்போதைக்கு நாலாவது மூவ் டி3 போதும், நிதானமா ஆடலாம். மொத்தமா ஓப்பனிங்கை மாத்த வேணாம்.

டைமுக்கு, 15+10 ஆடுங்க, அதாவது ஆளுக்கு 15 நிமிஷம். ஒவ்வொரு மூவுக்கும் 10 செகண்டு கூடுது, அதனால எண்ட்கேம்ல ஃபிளாக் விழாது, வாத்தியார் சொன்னதை ஆடிப் பாக்க நேரம் இருக்கும்.

ராத்திரி_ராபிட்:
15+10 ஒரு கேம் அரைமணி நேரத்துக்கு மேல போகுமே அண்ணா, பாப்பா நடுவுல எழுந்துட்டா அப்படியே விட்டுட்டு ஓடணும்.

கோவை_கிங்ஸைடு:
எனக்கும் வீட்டுல சின்னக் குழந்தைங்க. வார நாள்ல கேமே ஆடாதீங்க, பழைய தோல்வி ஒண்ணை எஞ்சின் (மூவை அலசற கம்ப்யூட்டர்) ஆஃப் பண்ணிட்டு பாருங்க, எங்க கவுந்துச்சுன்னு நீங்களே ஒரு மூவைக் குறிச்சு வெச்சுட்டு அப்புறம் எஞ்சினைப் போடுங்க. லிச்செஸ்ல கேமை இறக்கிட்டா தப்பு மூவ்ல நிறுத்தி வேற நல்ல மூவ் கண்டுபிடின்னு அதுவே கேக்கும். சனி ஞாயிறு மட்டும் 15+10. தோத்த உடனே பழிவாங்கறேன்னு அடுத்த கேம் தட்டாதீங்க, ராத்திரி பன்னெண்டு மணிக்கு போற ரேட்டிங் எல்லாம் அப்படித்தான் போகுதுங்க. உங்க ஹிஸ்டரில ஒரே ராத்திரி நாலு தோல்வி வரிசையா, கடைசி கேம் ஆறு நிமிஷத்துல முடிஞ்சிருக்கு, அது செஸ் இல்லீங்க, கோவம்.

ராத்திரி_ராபிட்:
(கொஞ்ச வாரம் கழிச்சு)
அப்டேட் போடறேன். முதல்ல ரேட்டிங் 1000-க்கு கீழ போயிடுச்சு, எல்லா மூவுக்கும் உக்காந்து யோசிச்சு 10 நிமிஷ கேம்ல டைம் காலி. அப்புறம் சனிக்கிழமை 15+10-க்கு மாறினேன், இப்ப 1120. பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா தோக்கற விதம் மாறிடுச்சு, ஒத்தை மூவ்ல காயைத் தொலைக்கறது குறைஞ்சு போச்சு. எதிராளி குதிரை ஹெச்5 வந்தாலே இப்ப கை தானா நிக்குது. ராணியை மாத்தி ஒரு பிஷப்போட பொறுமையா ஜெயிச்ச கேம் ஒண்ணு இருக்கு, பாக்க போர்தான், ஆனா எனக்கு பிடிச்சிருந்துச்சு.

புது தலைவலி: எனக்கு ஒரு யானை, அவனுக்கு ஒரு யானையும் ஒரு சிப்பாயும். நான் கருப்பு. டிரா பண்ணிடலாம்னு நினைச்சேன், தோத்துட்டேன்.

கணக்கு_வாத்தியார்_ஓய்வு:
இதுக்கு ஃபிலிடோர்னு ஒரு பொசிஷன். உங்க ராஜா அவன் சிப்பாய் ராணி ஆகப்போற கட்டத்துலயே உக்காரணும். யானையை 6-வது வரிசையில நிறுத்துங்க, அவன் ராஜா அந்த வரிசைக்கு ஏறவே முடியாது. அந்த வரிசையிலயே யானையை இப்படியும் அப்படியும் நகர்த்திட்டு இருங்க, செக் வெக்கணும்னு அவசரப்படாதீங்க. வேற வழி இல்லாம அவன் சிப்பாயை 6-வது வரிசைக்கு தள்ளுவான், தள்ளின உடனே யானையை கீழ முதல் வரிசைக்கு இறக்கி பின்னாடிலேந்து செக் மேல செக். அவன் ராஜா ஒளிய இடம் இருக்காது, ஏன்னா ஒளியறதுக்கு இருந்த கட்டத்துல இப்ப அவன் சிப்பாயே வந்து நின்னுடுச்சு. நீங்க தோத்த கேம்ல யானையை எத்தனாவது வரிசையில வெச்சிருந்தீங்க?

ராத்திரி_ராபிட்:
8-வது வரிசையில ஐயா, ராஜா பக்கத்துலயே காவலுக்கு.

கணக்கு_வாத்தியார்_ஓய்வு:
அதான். லிச்செஸ் பிராக்டிஸ்ல யானை எண்ட்கேம் பகுதியில இருக்கு, கம்ப்யூட்டர்கிட்ட டிரா பண்ணிட்டு வாங்க, அப்புறம் லூசேனா பாக்கலாம், அது அந்தப் பக்கம் உக்காந்து ஜெயிக்கறதுக்கு.