முதல் ஜெம்பே வாங்குவது: எதைப் பார்த்து முடிவு செய்வது?

கேள்வி: வாகை

வணக்கம். நான் பாரிஸின் வடக்குப் புறநகரொன்றில் வசிக்கிறேன். தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு கால் மணி நேரம் நடந்தால் ஷாத்தோ ரூஜ் வந்துவிடும். மேற்கு ஆப்பிரிக்கர்களின் கடைகள் நிறைந்த அந்தத் தெருக்களுக்கு அருகேயுள்ள ஒரு மண்டபத்தில், கினி நாட்டைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவரிடம் ஒன்பது மாதங்களாக வாரம் ஒருமுறை ஜெம்பே என்னும் மேற்கு ஆப்பிரிக்கக் கைமேளம் பழகி வருகிறேன். வகுப்பில் தரும் மேளத்தையே இதுவரை வாசித்தேன். வீட்டில் ஒன்றும் இல்லாததால், ஒரு வாரம் கற்றது மறு வாரத்துக்குள் கையைவிட்டுப் போய்விடுகிறது.

இப்போது என் முன்னால் நான்கு வழிகள் உள்ளன. ஓர் இசைக்கருவிக் கடையில், இந்தோனேசியாவில் செய்து வண்ணம் தீட்டிய புதிய ஜெம்பே 140 யூரோவுக்குக் கிடைக்கிறது. தனியார் ஒருவர், கினியில் செதுக்கிய லெங்கே மரத்து ஜெம்பேயை 180 யூரோவுக்குத் தருவதாகச் சொல்கிறார். ஆனால் அதன் தோல் கிழிந்திருக்கிறது, கட்டையின் கீழ்ப்பகுதியான அடிக்குழலில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பும் இருக்கிறது. மூன்றாவது, ரெமோ நிறுவனத்தின் செயற்கைத் தோல் போட்ட இலகுவான மேளம். நான்காவதாக, ஆசிரியர் ஜனவரியில் கினியின் தலைநகர் கொனாக்ரி போகும்போது புதிதாக ஒன்றைச் செய்வித்துக் கொண்டுவரலாம் என்கிறார். என் உயரம் 157 சென்றிமீற்றர். மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: முந்திரிக்காரன்

சகோதரி வாகை அவர்களுக்கு வணக்கம். முந்திரிக்கொட்டைக் கொள்முதல் வேலையாக ஐவரி கோஸ்டின் புவாக்கே நகரில் ஆறு ஆண்டுகள் இருந்தவன் நான். மாலைப் பொழுதைப் போக்கத் தொடங்கிய பழக்கம், மேளம் செதுக்குபவரின் பட்டறையில் போய் உட்காரும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அந்த அளவில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஜெம்பேயில் தோல், கயிறு, இரும்பு வளையம் ஆகிய மூன்றும் தேய்ந்தால் மாற்றக்கூடியவை. கட்டையை மாற்ற முடியாது. ஆகவே நீங்கள் பணம் கொடுப்பது கட்டைக்குத்தான் என்று வைத்துக்கொண்டு பார்த்தால், கிழிந்த தோல் ஒரு குறையே அல்ல. விலையைக் குறைத்துக் கேட்க அது ஒரு காரணம். தோல் மூடிய மேளத்தில் காண முடியாத உள்விளிம்பைத் தடவிப் பார்க்கும் வாய்ப்பும் அதனால் கிடைக்கிறது.

கட்டை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒலியே காரணம். ஜெம்பேயின் மூன்று அடிப்படை ஒலிகளில், விளிம்பில் விழும் தொனியும், கூர்மையான அறை ஒலியும் தோலின் இறுக்கத்தைப் பொறுத்தவை. நடுவில் உள்ளங்கையால் அடிக்கும்போது வரும் ஆழ்ந்த ஒலி அப்படியல்ல. வெறும் குப்பியின் வாயில் ஊதும்போது ஒலி எழுவதைப்போல, கட்டையின் மேற்பகுதியான கிண்ணத்துக்குள் அடைபட்ட காற்று கழுத்தின் வழியாக அசைவதால் பிறப்பது அது. பெரும்பாலும் 65 முதல் 80 ஹெர்ட்சுக்குள் அமையும். கிண்ணத்தின் கொள்ளளவும் கழுத்தின் அகலமும் நீளமுமே அதைத் தீர்மானிக்கின்றன என்பதால், கட்டையில் இல்லாத ஆழத்தைக் கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் கொண்டுவர முடியாது. தோல் கிழிந்த மேளத்தில் இதைக் கேட்டறிய வழியில்லை. எனவே கண்ணால்தான் பார்க்க வேண்டும். கிண்ணம் வயிறுபோல் உருண்டு கழுத்தில் தெளிவாக ஒடுங்கியிருக்க வேண்டும். கைவாச்சியால் குடைந்திருந்தால் உள்ளே வெட்டுத்தடங்கள் வரிவரியாகத் தெரியும்.

அடுத்து, டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு போங்கள். வெடிப்பு அடிக்குழலோடு நின்றுவிட்டால் பெரிதாகப் பொருட்படுத்த வேண்டாம். மரத்தூளும் பசையும் கலந்து அடைத்துவிடலாம். அது கழுத்தைத் தாண்டிக் கிண்ணத்துக்குள் ஏறியிருந்தாலோ, மேல்விளிம்பில் இன்னொரு வெடிப்பு இருந்தாலோ திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள், ஏனெனில் தோலை இழுக்கும்போது முழு விசையும் அங்கேதான் விழுகிறது. விளிம்பு ஒரே மட்டமாக இருக்க வேண்டும்; கை விழும் வெளிப்பக்கம் உருட்டிவிட்டிருக்க வேண்டும். கூராக இருந்தால் முதலில் விரலும் பிறகு தோலும் போகும். வளையம் விளிம்பிலிருந்து மூன்று விரற்கடை கீழே அமைந்திருந்தால் கை இரும்பில் படாது.

அளவைப் பற்றி: வாயின் வெளிவிட்டம் 30 முதல் 38 சென்றிமீற்றர் வரையிலும், உயரம் 58 முதல் 63 வரையிலும் வழக்கில் உண்டு. உங்கள் உயரத்துக்கு 31 அல்லது 32 சென்றிமீற்றர் வாயும் 60 உயரமும் பொருந்தும். லெங்கே கனமான மரம். நடுத்தர ஜெம்பே தோலும் வளையமும் சேர்ந்து ஏறத்தாழ 9 கிலோ இருக்கும். மூன்று மாடி என்றீர்கள், அதையும் எண்ணிப் பாருங்கள்.

கொனாக்ரியிலிருந்து வரும் புதிய மேளத்தைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. மரத்தை ஈரம் முழுதாக வற்றும் முன்பே செதுக்கிவிடுவது அங்கே சாதாரணம். அது ஜனவரியில், வெப்பமூட்டி எரியும் பாரிஸ் அறைக்கு வந்து சேர்ந்தால், உலர்ந்த காற்றே அதைப் பிளந்துவிடும். உங்களிடம் வரும் பழைய மேளமோ, வெடிக்க வேண்டிய இடத்தில் ஏற்கெனவே வெடித்து ஓய்ந்திருக்கிறது. அப்படியும் புதிதுதான் வேண்டுமென்றால் எந்த மரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கெனி மரம் 2017 ஆம் ஆண்டு முதல் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இருப்பதால், எல்லை கடக்கும் முன் காகிதங்கள் தேவையா என்று விசாரிக்க வேண்டிவரும்.


பதில்: தொப்பி

நான் சென்னையில் மிருதங்கம் வாசிப்பவன். ஒரு கூட்டு நிகழ்ச்சிக்காக ஜெம்பே கற்க நேர்ந்தது. முந்திரிக்காரன் ஐயா கட்டையைப் பற்றிச் சொன்னது எங்கள் பக்கத்துக்கும் பொருந்தும். பலாக் கட்டை நன்றாக அமைந்துவிட்டால் மூட்டு எனப்படும் தோல்பகுதியை மட்டும் மாற்றி மாற்றி ஆயுள் முழுவதும் வாசிப்போம். தோலைப் பற்றி மட்டும் சில சொற்கள் சேர்க்கிறேன்.

ஜெம்பேக்கு ஒற்றை ஆட்டுத்தோல்தான். மிருதங்கத்தைப்போல நடுவில் சோறு எனப்படும் கரும்பூச்சு கிடையாது, ஓரத்தைச் சுற்றி வெட்டுத்தட்டு என்னும் மேல்தோலும் கிடையாது. மாட்டுத்தோல் போட்டு விற்பவர்களும் உண்டு. அது தடிமன், கையை அதிகம் வருத்தும், அறை ஒலி மழுங்கும். முதல் மேளத்துக்கு ஆட்டுத்தோலே நல்லது. புதுத்தோல் போடும்போது முதுகெலும்புக் கோடு சரியாக வாயின் நடுவே செல்கிறதா என்று பாருங்கள்; ஒதுங்கிச் சென்றால் இரு பக்கமும் இரண்டு வகையாக ஒலிக்கும்.

நம்மவர்கள் செய்யும் ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நானே செய்தேன். சுருதி இறங்கியதும் மிருதங்கப் பழக்கத்தில் கல்லையும் மரத்துண்டையும் எடுத்து வளையத்தைத் தட்டினேன். வளையம் ஒரு பக்கம் சாய்ந்து தோல் கோணலாயிற்று. ஜெம்பேயில் ஏற்றம் கயிற்றில்தான் இருக்கிறது. முதலில், மேலிருந்து கீழாக ஓடும் நிலைக்கயிறுகளை ஒவ்வொன்றாகச் சுற்றிவர இழுக்க வேண்டும். அதற்குப் பிறகும் போதாவிட்டால்தான், இரண்டிரண்டு நிலைக்கயிறுகளைக் குறுக்கே பின்னி இழுக்கும் முடிச்சு வரிசை. விற்பனைக்கு வரும் மேளத்தில் ஏற்கெனவே மூன்று நான்கு வரிசை முடிச்சுகள் ஏறியிருந்தால், நிலைக்கயிறு தளர்வாக இருக்கிறது என்று கொள்க.

இன்னொன்று, தோலை நீங்களே மயிர் மழிக்கப் போகாதீர்கள். இறக்குமதியான பதனிடாத ஆட்டுத்தோலிலிருந்து ஆந்த்ராக்ஸ் தொற்றி, 2006 இல் நியூயார்க்கில் மேளம் செய்பவர் ஒருவர் கடுமையாக நோயுற்றார்; 2008 இல் லண்டனில் ஒருவர் இறந்தார். மிக அரிதாக நிகழ்வதுதான். ஆயினும் மூடிய சிறு வீட்டுக்குள் தோலைச் சுரண்டித் தூசி கிளப்பும் வேலை தெரிந்தவர்களுடையது.


பதில்: கிழக்குக்கரை

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். அண்ணன்மார் இருவரும் ரெமோவைத் தொடவே இல்லை. அதற்காக ஒருவராவது பேச வேண்டும். இங்கே ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம், ஆட்டுத்தோல் மாலைக்குள் தொய்ந்துவிடும். பள்ளி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் எனக்குச் செயற்கைத் தோலே கைகொடுக்கிறது. சாவியால் திருகினால் ஏறும், மழையிலும் இறங்காது, எடையும் குறைவு. ஆனால் உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. அதன் ஒலியில் ஒரு நீண்ட ரீங்காரம் தங்கும். வகுப்பில் ஆட்டுத்தோலில் பழகிய கை, வீட்டில் வேறொன்றில் பழகினால் தொனிக்கும் அறை ஒலிக்கும் உள்ள வேறுபாடு குழம்பும். செயற்கைத் தோல் என்றால் சத்தம் குறையும் என்று எவரேனும் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள், அண்டை வீட்டாருக்கு இரண்டும் ஒன்றுதான்.

வண்ணம் தீட்டியதைப் பற்றி: என் முதல் ஜெம்பே அப்படிப்பட்டது. சுற்றுலாத் தலமொன்றில் அழகுக்கு மயங்கி வாங்கினேன். கடைசல் இயந்திரத்தில் கடைந்த கட்டை, நேரான துளை, 25 சென்றிமீற்றர் வாய். தனியே வாசிக்கையில் குறை தெரியவில்லை. வகுப்பில் துனுன்பா, சங்பான், கென்கெனி ஆகிய மூன்று துனுன் மேளங்களும் முழங்கத் தொடங்கியதும் நான் அடிப்பது எனக்கே கேட்கவில்லை. கானாவின் அபுரியில் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்யும் மென்மரத்து ஜெம்பேகளிலும் பல இத்தகையவையே. (கானாவில் ‘கா’ இன மக்களின் சொந்த மேளம் க்பன்லோகோ; முளை அடித்து இறுக்கும் அந்த மேளத்தைத் தேடி வாங்கினால் அது வேறு கதை.) இந்தோனேசியாவில் செய்த எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன், நல்ல கட்டைகளும் உண்டு, ஆனால் முதன்முதலாக வாங்குபவரால் அதைப் பிரித்தறிவது கடினம்.


பதில்: வாகை

மூவருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை விளக்கோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வெடிப்பு கழுத்துக்கு நான்கு விரற்கடை கீழேயே நின்றுவிட்டது. உள்ளே வாச்சித் தடங்கள் தெரிந்தன. வாய் 32 சென்றிமீற்றர். விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் சிறு பள்ளம் இருந்தது. அதையும் கிழிந்த தோலையும் காட்டி 130 யூரோவுக்குப் பேசி முடித்தேன். ஆசிரியர் கட்டையை முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, விளிம்பைத் தாமே அரத்தால் சமன்செய்து தோல் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டார். தோலோடும் புதுக் கயிறோடும் 80 யூரோ. மாடிக்குத் தூக்கி வந்தது என் கணவர். ஒரு கேள்வி மட்டும் மிச்சம்: தோல் போட்ட அன்றே வாசிக்கலாமா?


பதில்: முந்திரிக்காரன்

கூடாது, தங்கச்சி. தோலை ஊறவைத்துத்தான் போடுவார்கள். நிழலில் குறைந்தது நான்கைந்து நாள் காய வேண்டும். ஈரம் இருக்கும்போதே முழு இறுக்கம் கொடுத்தால் தோல் இழுபட்டு மெலிந்துவிடும். காய்ந்தபின் ஒரே மூச்சில் ஏற்றாமல் சில நாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவையாக இழுக்கச் சொல்லுங்கள். வெப்பமூட்டியின் பக்கத்தில் வைக்காதீர்கள். வாசிக்கும்போது மேளத்தைச் சற்று முன்சாய்த்துப் பிடியுங்கள். அடிவாய் தரையோடு ஒட்டி மூடிக்கொண்டால், இவ்வளவு பாடுபட்டு வாங்கிய ஆழ்ந்த ஒலி வெளியே வராது.