ஆர்எக்ஸ் 100: சோக்கை எடுத்தா நின்னு போகுது. ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தலாமா?

பொள்ளாச்சிக்காரன்:
வணக்கமுங்க. பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், தென்னை நார் மில்லுக்குப் பக்கத்துல நாலு மாசமா நின்ன வண்டி. டேங்குல பாதி பெட்ரோல் இருந்துது. இப்ப சோக் போட்டா ரெண்டு உதைல எடுத்துருது, சோக்கை எடுத்ததும் நின்னு போகுது. முறுக்கிப் புடிச்சா ஓடுது, ஐடிலிங் மட்டும் நிக்க மாட்டேங்குது. டேங்குக்கு அடியில இருக்கற பெட்ரோல் காக்கைத் தொறந்து வெச்சா கார்புரேட்டர் அடியில இருக்கற ஓவர்ஃப்ளோ டியூப்ல பெட்ரோல் சொட்டுது. பட்டறையில ஜெட்டை, அதான் கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல் பாயற சின்ன ஓட்டை வெச்ச பித்தளைத் திருகை, கம்பி விட்டுக் குத்திக் குடுத்தர்றோம்ங்கறாங்க. விடலாமுங்களா?

ஈரோடு ஸ்பேனர்:
தாராளமா விடுங்க தம்பி. நின்ன பெட்ரோல் ஆவியாகிப் போனா மிச்சமாகறது பிசின்தான். பழுப்பா, வேப்பம்பிசின் கணக்கா, ஐடிலிங்குக்குப் பெட்ரோல் குடுக்கற பைலட் ஜெட் ஓட்டையை மூடிக்கும். வெறும் காத்து அடிச்சா அது வராது. கார்புரேட்டரை இறக்கி, அடியில பெட்ரோல் தேங்கற பௌலைக் கழட்டி, பைலட், மெயின்னு ரெண்டு ஜெட்டையும் எடுத்து மெல்லிசுக் கம்பி விட்டு, பெட்ரோல்ல அலசி மாட்டுனா அரை மணி நேர வேலை. ஏர் ஸ்க்ரூவை அரைச் சுத்துச் சேத்தித் தொறந்து வெச்சுட்டா பெட்ரோல் நல்லா வரும், ஐடிலிங் நிக்கும்.

கோயமுத்தூர் ஜெட்:
அண்ணா, ஸ்க்ரூ விசயத்தை மொதல்ல திருத்தணுமுங்க, தம்பி அதைப் படிச்சுட்டுத் திருகிப் போடுவாரு. ஆர்எக்ஸ்ல இருக்கற மிக்குனி கார்புரேட்டர்ல அந்த ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கமா இருக்குது. அந்தப் பக்கம் இருந்தா அது காத்தை விடற ஸ்க்ரூ. தொறக்கத் தொறக்கக் காத்துதான் கூடும், கலவை லீனாகும், அதாவது பெட்ரோல் கம்மியாகும். எஞ்சின் பக்கமா ஸ்க்ரூ வர்ற கார்புரேட்டர்லதான் தொறந்தா பெட்ரோல் கூடும். ஏற்கெனவே பெட்ரோல் பத்தாம நிக்கற டூ ஸ்ட்ரோக்ல இன்னும் காத்தை விட்டா, சூட்டுல பிஸ்டன் இறுகிப் புடிக்கற வழி அது.

கம்பிக்கு வர்றேன். ஸ்ப்ளெண்டர் மாதிரி கெய்ஹின் கார்புரேட்டர் வண்டிகள்ல ஸ்லோ ஜெட்டு (பைலட் ஜெட்டுக்கு அங்க அதான் பேரு) மேல 38-ன்னு இருந்தா ஓட்டை 0.38 மி.மீ.ன்னு அர்த்தம். கம்பி உரசி அது 0.40 ஆச்சுன்னு வெச்சுக்கங்க. விட்டத்துல 0.02தான், ஆனா பரப்புல 11 சதவீதம் கூடிப்போச்சு. கண்ணுக்குத் தெரியாது, எந்த ஸ்க்ரூவைத் திருகியும் முழுசாச் சரி பண்ண முடியாது. ஜெட் பித்தளை. பட்டறையில கம்பின்னு கிளட்ச் கேபிள் இழையை விட்டாங்கன்னா, அது எஃகு. எது தேயும்னு நீங்களே சொல்லுங்க.

ஈரோடு ஸ்பேனர்:
ஸ்க்ரூ நான் சொன்னது தப்பு, ஒத்துக்கறேன். ஆர்எக்ஸுக்கு மூடி வெக்கறதுதான் பெட்ரோல் கூட்டறது. ஆனா கேபிள் இழையை விடுன்னு நான் எங்கயும் சொல்லலீங்க. 0.75 சதுர மி.மீ. வீட்டு ஒயரை உரிச்சா உள்ள 24 இழை இருக்கும், ஒவ்வொண்ணும் 0.2 மி.மீ. செம்பு, பித்தளையை விட மிருதுவான உலோகம். அதை விட்டா ஓட்டை பெருசாகாது. சும்மா கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு மாட்டுனா பத்து நாள்ல மறுக்கா அதே நோவு. பிசின் அரைகுறையாக் கரைஞ்சு அடுத்த ஓட்டையில போயி உக்காந்துக்கும்.

கோயமுத்தூர் ஜெட்:
செம்பு இழைன்னா ஜெட்டுக்கு மட்டும், அதுவும் கடைசி வழியா ஒத்துக்கறேன். அதுக்கு முந்தி ஜெட்டை ஒரு சின்ன பாட்டில்ல கார்ப் கிளீனர் ஊத்தி ராத்திரி முச்சூடும் ஊற வெக்கணும். காலைல வெளிச்சத்துக்கு நேரா ஒத்தைக் கண்ணுல புடிச்சுப் பாக்கணும். ஓட்டை முழு வட்டமாத் தெரியணும். ஓரத்துல பிறை மாதிரி கருப்பு நின்னா பிசின் இன்னும் ஒட்டியிருக்குது, மறுக்கா ஊற வெக்கணும்.

ஆனா பாடிக்குள்ள கம்பியே கூடாதுங்க. முறுக்குனா மேல ஏறற ஸ்லைடுக்கு எஞ்சின் பக்கமா, காத்துப் போற துவாரத்தோட அடியில பைலட் அவுட்லெட்னு ஊசி முனை அளவு ஓட்டை இருக்கும். ஜெட் கெட்டா புதுசு வாங்கலாம், அந்த ஓட்டை கெட்டா முழுக் கார்புரேட்டரே போச்சு. இழை உள்ளயே முறிஞ்சாலும் எடுக்க வழியில்லை. ஏர் ஸ்க்ரூவைக் கழட்டிட்டு அந்த ஓட்டை வழியா கிளீனரை அடிங்க. பைலட் ஜெட் உக்கார்ற குழியிலயும் அவுட்லெட்லயும் பீச்சிட்டு வரணும். ஒண்ணுல வந்து ஒண்ணுல வரலைன்னா அடைப்பு எங்கன்னு தெரிஞ்சு போச்சு. கண்ணாடி போட்டுட்டு அடிங்க, எதிர்ப் பக்க ஓட்டை வழியா நேரா கண்ணுக்கு வரும்.

தாராபுரம் டூஸ்ட்ரோக்:
ரெண்டு பேருமே கழட்டறதைப் பத்தியே பேசறீங்க. கழட்டறதுக்கு முந்தியே வண்டி பாதியச் சொல்லிருச்சு. சோக்குக்குத் தனி வழி, பௌல்லிருந்து நேரா பெட்ரோலை எடுக்குது. சோக்குல ஓடுதுன்னா பௌலுக்குப் பெட்ரோல் வருது, பிளக்குல பொறி இருக்குது. முறுக்குனா ஓடுதுன்னா ஸ்லைடுல இருக்கற நீடிலும் மெயின் ஜெட்டும் பெட்ரோல் குடுக்குது. மிச்சம் ரெண்டுதான்: பைலட் அடைப்பு, இல்லைன்னா எங்கயோ காத்து இழுக்குது. ரெண்டாவதை விட்டுட்டு ஜெட்டை ஆயிரந்தடவை கழுவுனாலும் புண்ணியமில்லை.

கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருக்கற ரப்பர் மேனிஃபோல்டைக் கையில மடக்கிப் பாருங்க. வெடிப்பு வெளியில மயிரிழையாத்தான் தெரியும், மடக்குனா வாய் தொறக்கும். வண்டி ஓடறப்ப எஞ்சின் நல்லாச் சூடேறறதுக்கு முந்தி அதுமேல சித்தெ ஸ்ப்ரே அடிச்சா, வெடிப்பு இருந்தா ஓட்டம் மாறும். அதுவும் நல்லா இருந்து, ஐடிலிங் திடீர்னு ஏறிப் போயி எறங்க மாட்டேன்னா மேக்னட் பக்கத்து கிராங்க் சீலைச் சந்தேகப்படணும். அது கார்புரேட்டர் வேலையே இல்லீங்க.

இன்னொண்ணு. பௌலைக் கழட்டறதுக்கு முந்தி, அதுல இருக்கற பெட்ரோலைக் கண்ணாடி பாட்டில்ல புடிச்சுப் பாருங்க. இப்ப பெட்ரோல் பங்குல வர்றது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், அளவு மீறுனா தண்ணியோட சேந்து அடியில தனியாப் பிரிஞ்சு நிக்கும். பௌல் அடியில வெள்ளைப் பொடி பூத்திருந்தா அந்த அடுக்கு உலோகத்தைத் தின்னதுன்னு அர்த்தம்.

ஈரோடு ஸ்பேனர்:
காத்து ஒழுக்கு நியாயமான பேச்சு. ஆனா சொட்டுற வண்டியை எப்படியும் கழட்டித்தானுங்க ஆகணும், அதுக்கு வெளியில நின்னு ஆராய்ச்சி என்னத்துக்கு? தம்பி, சொட்டறதுக்கு, பௌல் நெறஞ்சதும் பெட்ரோலை அடைக்கற ஃப்ளோட் நீடிலை எடுத்து முனையை நகத்துல தடவிப் பாருங்க. வளையமா ஒரு பள்ளம் தட்டுப்பட்டா மாத்திருங்க, தேய்ச்சுச் சரி பண்ணப் பாக்காதீங்க. பௌலுக்குள்ள மிதக்கற ஃப்ளோட்டைக் காதுகிட்ட ஆட்டிப் பாருங்க, உள்ள பெட்ரோல் சத்தம் கேட்டா ஓட்டை. சந்தேகமா இருந்தா ஆவி போனப்பறம் சுடுதண்ணியில முக்குங்க, குமிழி வந்தா தெரிஞ்சு போகும். அதுவரைக்கும் நிறுத்தும்போது காக்கை மூடிருங்க. சொட்டுற பெட்ரோல் கிராங்க் கேஸுல இறங்குனா அடுத்த நாள் உதைக்கறப்ப பிளக் நனைஞ்சு கிடக்கும். இதே கோளாறு ஃபோர் ஸ்ட்ரோக்ல வந்தா எஞ்சின் ஆயில்ல பெட்ரோல் கலந்துரும், ஆயிலை மோந்து பாத்து மாத்தணும்.

பொள்ளாச்சிக்காரன்:
பாட்டில்ல அடியில ஒரு விரக்கட தனி அடுக்கு நின்னுதுங்க. ஃப்ளோட் நீடில்ல பள்ளம் இருக்குது, புதுசு வாங்கியாச்சு. மேனிஃபோல்ட் நல்லா இருக்குது. பைலட் ஜெட் ஊறுது. ஏர் ஃபில்டரைத் தொறந்தா நார்த் தூசி மெத்தை கட்டியிருக்குது. பௌல் ஸ்க்ரூ ரெண்டு தலை வழுக்கிருச்சு.

கோயமுத்தூர் ஜெட்:
அந்த ஸ்க்ரூக்கள் ஜப்பான் அளவு, நம்ம ஊரு ஸ்டார் டிரைவர் அதுல முழுசா உக்காராது, ஏறி வழுக்கும். தலை முழுசும் போறதுக்கு முந்தி நிறுத்திட்டு, டிரைவரை வெச்சு மேல சுத்தியல்ல ரெண்டு தட்டு தட்டித் திருகுங்க. மாட்டறப்ப ஆலன் போல்ட்டாப் போட்டுக்கங்க. ஃபோம் ஃபில்டரை மண்ணெண்ணெய்ல அலசிப் பிழிஞ்சு, காஞ்சப்பறம் டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊத்தற ஆயில்) நனைச்சு மறுக்கா நல்லாப் பிழிஞ்சு போடுங்க. திருப்பூர்ப் பஞ்சோ உங்கூர் நாரோ, ஃபில்டர் அடைச்சா வண்டி ரிச்சாகும், அதாவது காத்து கம்மியாகிப் பெட்ரோல் கூடிப் போகும். அதைக் கழுவாம ஸ்க்ரூவை வெச்சீங்கன்னா எல்லா அளவும் பொய்யாயிரும்.

ஸ்லைடைப் போடறப்ப வெட்டு இருக்கற பக்கம் ஃபில்டரைப் பாத்து இருக்கணும். ஏர் ஸ்க்ரூவை மெதுவா மூடி, ஒண்ணரைச் சுத்து தொறந்து ஆரம்பிங்க. மூடறப்ப இறுக்கக் கூடாது, முனை மழுங்கிரும். அஞ்சு கிலோமீட்டர் ஓட்டிச் சூடேறுனப்பறம் ஏர் ஸ்க்ரூவைத் திருகிப் பாத்து, ஐடிலிங் ஓட்டம் எங்க அதிகமாகுதோ அங்கயே ஸ்க்ரூவை விட்டுட்டு, ஐடில் ஸ்க்ரூவைக் குறைங்க. அரைச் சுத்துக்குள்ளயே உச்சம் வந்தா பைலட் இன்னும் அடைப்பு. ரெண்டரைக்கு மேல போனா ஜெட் பெருத்துப் போச்சு, யாரோ முந்தியே கம்பி விட்டிருக்காங்க.

ஈரோடு ஸ்பேனர்:
எத்தனால் பெட்ரோலுக்கு மெயின் ஜெட்டை ஒரு நம்பர் ஏத்திப் போடறது நல்லதுங்க. எத்தனால்லயே ஆக்சிஜன் இருக்குது, அதே ஜெட்டுல லீனாத்தான் ஓடும்.

தாராபுரம் டூஸ்ட்ரோக்:
லீனாகும், மறுக்கலீங்க. ஆனா பிளக்கைப் பாக்காம ஏத்தாதீங்க. மூணாவது கியர்ல முழு முறுக்குல சித்தெ தூரம் போயி, அப்படியே கிளட்ச் புடிச்சு எஞ்சினை நிறுத்திட்டுப் பிளக்கைக் கழட்டுங்க. காப்பிக்கொட்டை நிறம்னா கை வெக்காதீங்க. வெள்ளையா இருந்தா மட்டும் ஒரு நம்பர். மிக்குனி அறுகோண மெயின் ஜெட்ல எண்ணுங்கறது பாயற அளவு, கெய்ஹின்ல விட்டம். எண்ணு ஒண்ணா இருக்குதுன்னு கடையில ஒண்ணுக்கொண்ணு மாத்தி வாங்கிறாதீங்க. அப்பறம் இந்த அளவைப் பொள்ளாச்சியிலயே எடுங்க. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி ஏறுனா காத்து மெலிசாகி வண்டி தானா ரிச்சாகும், அங்க நின்னு பாத்த பிளக்கை நம்பி ஜெட்டைக் குறைச்சுட்டு எறங்குனா ஆழியார் வர்றதுக்குள்ள பிஸ்டன் புடிச்சுரும்.

பொள்ளாச்சிக்காரன்:
சரிங்க. ஜெட் காலைல வெளிச்சத்துல பாத்துட்டு, ஃபில்டர் காஞ்சப்பறம்தான் மாட்டறேன். டேங்குல இருக்கற பழைய பெட்ரோலையும் வடிச்சர்றதுதானுங்களே?

ஈரோடு ஸ்பேனர்:
முழுசா வடிங்க தம்பி, காக்கைக் கழட்டி உள்ள இருக்கற சல்லடையையும் பாத்துருங்க. டேங்க் மூடியில காத்து ஓட்டை அடைஞ்சிருக்குதான்னும் ஊதிப் பாருங்க, நார்த் தூசி அங்கயும் போயிருக்கும்.