பாண்டியன் குதிரை செத்தது வெயிலாலா, தீனியாலா?

கொள்ளுப்பை (அலங்காநல்லூர்):
நேற்று ஓய்வு நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது சிம்மக்கல் வாசகன் ஐயா போகிறபோக்கில் ஒன்றை எழுதிவிட்டுப் போனார். தோட்டம் போடுவதும் வரலாறு படிப்பதும் பொழுதுபோக்காம். மதுரையில் குதிரை வளர்ப்பது மட்டும் பகட்டாம், வாயில்லா ஜீவனை வதைப்பதாம். காரணம் என்னவென்றால், "இந்த வெயிலுக்குக் குதிரை தாங்காது. பாண்டியர் காலத்தில் கப்பல் கப்பலாக வந்த குதிரைகளே வருஷம் தாண்டவில்லை, மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறார்."

ஐயா, பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கக் கூடாது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸ் வியாபாரி மார்க்கோ போலோ இந்தப் பக்கம் வந்தார். அரசரும் அவர் உடன்பிறந்தாரும் ஆளுக்கு ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்கினார்கள், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை என்று எழுதினார். சரி. ஏன் மிஞ்சவில்லை? குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இங்கே இல்லை என்கிறார். இறைச்சியும் சோறும் சேர்த்துச் சமைத்துக் கொடுத்தார்கள் என்கிறார். வைத்தியம் தெரிந்த லாடக்காரன் ஒருவன்கூட இங்கே வந்துவிடாமல் குதிரை வியாபாரிகளே தடுத்தார்கள் என்கிறார். செத்தால்தானே அவர்களுக்கு அடுத்த கப்பல் விலைபோகும்? புல் தின்கிற பிராணிக்குக் கறிச்சோறு போட்டால் அது எந்த ஊரில்தான் பிழைக்கும்? குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது கெட்டால் வயிறு உப்பி, தரையில் புரண்டு புரண்டுதான் சாகும்.

செத்தது தீனியால், வெயிலால் அல்ல. இதை ஒப்புக்கொண்டுவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

சிம்மக்கல் வாசகன்:
வணக்கம். விழுங்கியது நான் இல்லை. இந்த நாட்டின் தட்பவெப்பம் குதிரை இனத்துக்கு ஒத்துவரவில்லை என்பதையும் அதே மார்க்கோ போலோதான் தன் கருத்தாகச் சொல்கிறார். உயர்ந்த சாதி ஆண் குதிரையும் உயர்ந்த சாதிப் பெண் குதிரையும் சேர்ந்தால்கூட இங்கே பிறக்கும் குட்டி கால் கோணி, ஏறுவதற்கு உதவாமல் போகிறது என்கிறார். வயிற்றுக்குள் இருந்த குட்டிக்குக் கறிச்சோறு ஊட்டியது யார்?

இன்னொருவரும் இருக்கிறார், வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர். பாரசீக வளைகுடாவின் கீஷ், ஹோர்முஸ், பஹ்ரைன் பக்கத்திலிருந்து மாபார், குஜராத்தின் கம்பாத் முதலிய துறைமுகங்களுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரை வந்ததாகவும், தலைக்கு 220 பொன் தினார் விலை என்றும் எழுதுகிறார். மாபார் என்றால் நம் பாண்டிய நாட்டுக் கரைதான். ஆண்டுதோறும் புதிதாக வாங்கியே தீரவேண்டிய நிலை. பிழைக்கிற ஊராக இருந்தால் ஏன் வாங்குகிறார்கள்?

இவை எல்லாம் நான் கொள்ளுப்பைக்கு இரவல் கொடுத்த புத்தகத்திலேயே இருந்தன. அது எனக்குத் திரும்பி வந்தபோது நடுப்பக்கங்களில் தவிடு ஒட்டியிருந்தது. படித்துவிட்டுத்தான் கொடுத்தார் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன்.

கொள்ளுப்பை:
புத்தகத்தில் தவிடு இருந்ததென்றால் லாயத்தில் உட்கார்ந்து படித்தேன் என்று அர்த்தம். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து குதிரையைப் பற்றிப் படிப்பவர்களுக்கு அது புரியாது.

வஸ்ஸாஃபை நீங்களாகவே கூப்பிட்டதற்கு நன்றி. அவர் சொன்ன மிச்சத்தை நான் சொல்கிறேன். வந்த குதிரைகளை 40 நாள் கயிறும் முளையும் போட்டு லாயத்தில் கட்டிக் கொழுக்க வைத்தார்கள். வறுத்த பார்லி, நெய்யில் வேகவைத்த தானியம், காய்ச்சிய பால். அப்புறம் பழக்காமல், கால் வைக்கும் அங்கவடிகூட இல்லாமல் ஏறி விரட்டினார்கள். நல்ல வேகமான குதிரைகள் கொஞ்ச நாளில் மந்தமாகி உதவாமல் போயின. இது வெயில் செய்த வேலையா? தானியம் மிதமிஞ்சினால் குளம்புக்குள் வீக்கம் வந்து குதிரை கால் ஊன்றாது. கட்டுத்தறியில் கொழுத்து நின்றதைத் திடீரென்று ஓட்டினால் தொடைச் சதை கட்டையாக இறுகிவிடும். குதிரை வைத்திருக்கிறவன் எவனைக் கேட்டாலும் சொல்வான்.

அந்தக் குதிரைகள் எல்லாம் எங்கிருந்து வந்தவை? ஹோர்முஸ், ஏடன். அங்கே என்ன பனியா கொட்டுகிறது? அந்த வெயிலில் பிறந்து வளர்ந்தது மதுரை வெயிலில் செத்துவிடுமா? பதில் சொல்லுங்கள்.

மாடிமல்லி (வில்லாபுரம்):
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். தீனி தீனி என்று பேசுகிற கொள்ளுப்பை தம்பி என் செடிகளுக்குப் போட்ட தீனியைப் பற்றியும் பேசட்டும். "அக்கா, குதிரை லத்தி மாதிரி உரம் கிடையாது" என்று மூட்டையில் கட்டிக் கொடுத்தாரே, அதைப் போட்டபின் என் குண்டுமல்லி வேர் வெந்துபோனது. தங்கச்சிமடத்திலிருந்து வரவழைத்த கன்றுகள். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மல்லி இது, ஏதோ வேலியில் கிடந்த செடி இல்லை.

கொள்ளுப்பை:
அக்கா, மக்க வைத்துப் போடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். பச்சை லத்தி சூடு. குவித்து, தண்ணீர் தெளித்து, கிளறிவிட்டு, கைவிட்டால் சூடு தெரியாத பதத்துக்கு வந்தபின்தான் செடியடிக்குப் போகவேண்டும். நீங்கள் வாங்கிய அன்றைக்கே தொட்டியில் கொட்டினால் நான் என்ன செய்ய?

மாடிமல்லி:
படித்துப் படித்தெல்லாம் சொல்லவில்லை. மூட்டையை மாடிப்படியில் போட்டுவிட்டுப் போனீர்கள். இப்போது பிழைத்த செடியிலும் தளிர் இலை மஞ்சளாக வருகிறது. நரம்பு மட்டும் பச்சை.

புதூர்த் தம்பி:
அக்கா, நரம்பு பச்சையாக இருந்து இலை மஞ்சளாவது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்து தெளித்துப் பாருங்கள்.

எல்லாருக்கும் ஒரு கேள்வி. எது பொழுதுபோக்கு என்று முதலில் பேசிக்கொள்ளலாமே? செலவு அதிகமானால் பொழுதுபோக்கு இல்லையா? இன்னோர் உயிர் சம்பந்தப்பட்டால் இல்லையா? அதைச் சொல்லாமல் 700 வருஷத்துக்கு முந்தைய குதிரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

சிம்மக்கல் வாசகன்:
அதற்கு வருவோம் தம்பி. முதலில் ஹோர்முஸ். அங்கிருந்து கடல் தாண்டி அரபு நாட்டின் உள்பகுதிக்குப் போனால் இருப்பது வறண்ட வெயில். பாண்டியரின் துறைமுகமான காயல் கரையில் இருப்பது புழுக்கம். குதிரை பெரும்பாலும் வியர்வையால்தான் உடம்புச் சூட்டை இறக்கும். காற்றில் ஈரம் இருந்தால் வியர்வை காயாது, சூடு இறங்காது. புழுக்கமான ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகிறது. வெயில் என்று நான் சொன்னது இதைத்தான். வெப்பமானியில் தெரியும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பேசுவது வளர்ப்பவருக்கு அழகில்லை.

கொள்ளுப்பை:
அடடா, வெயில் இப்போது புழுக்கமாகிவிட்டது! நேற்று எழுதியது "இந்த வெயில்". இன்றைக்குக் காயல் கரை. மதுரை எங்கே, காயல் எங்கே? வைகையில் தண்ணீரையே தேடவேண்டியிருக்கிறது, இங்கே எங்கே ஈரக்காற்று? ஹோர்முஸும் கடற்கரைதானே ஐயா, அங்கே புழுக்கம் இல்லையா?

என் பெட்டைக்குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை. நாட்டுக் குதிரைதான், அரபுக் குதிரை இல்லை. சித்திரை மாதம் மதியத்தில் புளியமரத்து நிழலை விட்டு வெளியே எடுக்கமாட்டேன். வேலை எல்லாம் விடிவதற்கு முன்பே முடிந்துவிடும். தண்ணீர் குறைந்ததா என்று பார்க்கக் கழுத்துத் தோலைக் கிள்ளி விடுவேன். உடனே படிந்தால் நல்லது, மடிப்பு நின்றால் தண்ணீர் போதவில்லை. ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி எடுப்பேன். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். விலாவில் காதை வைத்துக் கேட்பேன். குடல் கடகடவென்று சத்தம் போட்டால் மனசு நிம்மதி, சத்தமே இல்லையென்றால் அன்றைக்கு டாக்டரைக் கூப்பிடவேண்டும். கொள்ளு ஊறவைக்காமல் போடமாட்டேன். ஒவ்வொரு குளம்பையும் தூக்கிக் கல் இருக்கிறதா என்று சுரண்டிப் பார்த்த பிறகுதான் எனக்குக் காப்பி. இதற்குப் பெயர் பகட்டா? வதையா? பாண்டியன் லாயத்தில் இதைச் செய்யத் தெரிந்த ஒருவன் இருந்திருந்தால் அந்தக் குதிரைகள் செத்திருக்காது. ஆள் இல்லை. தீனி தெரியவில்லை. அவ்வளவுதான்.

மீனாட்சி கோயில் ஆயிரங்கால் மண்டபத்து வாசலில் நாயக்கர் தளவாய் அரியநாத முதலியார் குதிரைமேல் சிலையாக இருக்கிறார். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கிறோம். நாயக்கர் படையில் குதிரை இருந்தது. குதிரை தங்காத ஊரில் எதற்கு அந்தச் சிலை?

சிம்மக்கல் வாசகன்:
சிலை, குதிரை இருந்ததைக் காட்டும், நீடித்ததைக் காட்டாது. நாயக்கர்களும் குதிரையை விலைகொடுத்து வாங்கியவர்களே.

திருவாதவூரான்:
குதிரை வாங்கப் போன கதையைப் பேசிவிட்டு எங்கள் ஊர்க்காரரை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன்னை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட்டார். ஈசன் நரியைப் பரியாக்கிக் கொண்டுவந்தார். ஆவணி மூலத் திருவிழாவில் இன்றைக்கும் அந்த லீலை நடக்கிறது. ராத்திரி அவை மறுபடி நரியாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறின. மதுரைக் குதிரை எதனால் செத்தது என்றால் நான் சொல்லும் பதில் இதுதான்.

கொள்ளுப்பை:
பார்த்தீர்களா! பழைய குதிரைகள். லாயத்தில் பழைய குதிரைகள் இருந்தன என்று திருவிளையாடலே சொல்கிறது. வருஷம் தாண்டாத ஊரில் பழைய குதிரை எப்படி வந்தது?

சிம்மக்கல் வாசகன்:
புராணத்தை ஆதாரமாக வைத்து வரலாறு பேசவேண்டுமென்றால் எனக்கு இங்கே வேலை இல்லை.

திருவாதவூரான்:
புராணம் என்று இளக்காரமாகச் சொல்லாதீர்கள். வெனிசிலிருந்து வந்த வியாபாரி எழுதினால் ஆதாரம், நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொன்னால் கட்டுக்கதையா? போன வருஷமும் கீழடி பேச்சில் என்னை இப்படித்தான் வாயடைத்தீர்கள். நான் மறக்கவில்லை.

சிம்மக்கல் வாசகன்:
கீழடியில் ஆதாரம் கேட்டேன், வாயை அடைக்கவில்லை. அந்தப் பேச்சை இங்கே இழுக்காதீர்கள்.

புதூர்த் தம்பி:
நான் கால்நடை மருத்துவம் படிப்பதால் ஒன்று சொல்கிறேன். தீனியும் வெயிலும் தவிர மூன்றாவது காரணமும் இருக்கலாம். கடிக்கும் ஈக்களால் பரவும் சர்ரா என்ற நோய். காய்ச்சல் விட்டு விட்டு வரும், குதிரை இளைக்கும், கால் வீங்கும், ரத்தம் வற்றிச் சாகும். 1880இல் பஞ்சாபில் கிரிஃபித் எவான்ஸ் குதிரை, ஒட்டக ரத்தத்தில் அந்த ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார். மார்க்கோ போலோவுக்கோ வஸ்ஸாஃபுக்கோ அது தெரிந்திருக்க வழியே இல்லை. ஈரமும் ஈயும் உள்ள ஊருக்குப் புதிதாக வந்த குதிரைகள் அதில் விழுந்திருக்கலாம்.

கொள்ளுப்பை:
தம்பி, படிப்பு முடியட்டும், பேசலாம். ஈயை விரட்ட வேப்பம்புகை போடத் தெரிந்த ஆள் இருந்தால் ஈயும் அண்டாது. மறுபடியும் அதேதான், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

சிம்மக்கல் வாசகன்:
ஈ எங்கே பெருகும்? தட்பவெப்பத்தில்தான். தம்பி என் பக்கம்தான் பேசுகிறார்.

புதூர்த் தம்பி:
நான் யார் பக்கமும் பேசவில்லை ஐயா. சர்ராவுக்கு வேப்பம்புகை மருந்தும் இல்லை அண்ணே. நோய் கண்ட குதிரைக்கு ஊசி போடவேண்டும்.

மாடிமல்லி:
ஊசியும் ஈயும் இருக்கட்டும். நவம்பர் கடைசியில் கவாத்து பண்ணவேண்டிய செடி வெந்து நிற்கிறது. பனிக்காலத்தில் மாட்டுத்தாவணியில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும்போது என் மாடியில் பறிக்கும் ஒரு கைப்பூதான் எனக்குப் பெருமை. வரலாறு படிக்கிறவரும் குதிரை வளர்க்கிறவரும் சண்டை போட்டுக்கொள்ளுங்கள், என் கன்றுக்கு யார் பொறுப்பு?

கொள்ளுப்பை:
கன்று நான் வாங்கித் தருகிறேன் அக்கா, ஆனால் லத்தியைக் குறை சொல்லாதீர்கள். மக்காத எரு எதுவானாலும் வேரைச் சுடும், ஆட்டு எருவும் கோழி எருவும் சேர்த்துத்தான்.

வாசகன் ஐயா, குட்டி கால் கோணிப் பிறந்தது ஏன் என்று கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன். சினைக்குதிரைக்குத் தாதுச்சத்து சரியாகப் போகாவிட்டால் குட்டியின் எலும்பு கெடும். கறியும் சோறும் தின்ற தாய்க்குப் பிறந்த குட்டி வேறு எப்படி இருக்கும்? அங்கேயும் தீனிதான்.

சிம்மக்கல் வாசகன்:
மார்க்கோ போலோ அப்படிச் சொல்லவில்லை. தட்பவெப்பம் என்றார்.

கொள்ளுப்பை:
மார்க்கோ போலோ ஒரு குதிரைக்காவது குளம்பு சுரண்டியிருப்பாரா? தீனிதான் ஐயா. குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன். ஆடியில் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் சந்தையில் நிற்கிற குதிரைகள் எந்தக் குளிர்நாட்டிலிருந்து வருகின்றன என்று அதற்குள் யோசித்து வையுங்கள்.

சிம்மக்கல் வாசகன்:
வாங்க, காத்திருக்கிறேன். வரும்போது அந்தச் சந்தையில் விற்கிற குதிரை எத்தனை தமிழ்நாட்டில் பிறந்தது, எத்தனை குஜராத்திலும் ராஜஸ்தானிலும் பிறந்தது என்பதையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.