பரீட்சை வருஷத்தில் குடும்ப ஜெபம்: தினமும் வேண்டுமா?

நாசரேத்துக்காரர்:
ஸ்தோத்திரம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டில் குடும்ப ஜெபத்தை வாரம் ஒருநாளாகக் குறைக்கிறார்கள். இது தவறு. தினம் 20 நிமிடம் போதும். கீர்த்தனையில் பல்லவியும் இரண்டு சரணமும் 4 நிமிடம், வேதாகமத்தில் ஒரு அதிகாரம் வாசிக்க 6, அதைப் பற்றிப் பேச 4, ஜெபம் 6. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரம். வாரம் 5 நாள் வாசித்தாலே 52 வாரத்தில் முடிந்துவிடும். "காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்" (எபேசியர் 5:16) என்பதற்கு வீட்டில் வேறென்ன அர்த்தம்?

சாலொமோன்மண்டபம்:
அண்ணாச்சி, லூக்கா முதல் அதிகாரத்துக்கு 80 வசனம். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். ராத்திரி ஒன்பதரைக்கு அதை ஆரம்பித்தால் சின்னது தூங்கி விழும், பெரியவன் மனசு நாளைய டெஸ்டில் இருக்கும், அம்மாவுக்குக் கழுவாத பாத்திரம் காத்திருக்கும். அதிகாரம் முடியும், யாருக்கும் ஒன்றும் ஒட்டாது. நீங்கள் சொன்ன வசனத்தில் 'காலம்' என்பதற்குக் கிரேக்கச் சொல் 'கைரோஸ்'. கடிகாரக் கணக்கை விட, தக்க தருணம் என்றுதான் பொருள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா 1712-இல் கணவருக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். திங்கள் மாலி, செவ்வாய் ஹெட்டி, வியாழன் ஜான், சனி சார்ல்ஸ், ஞாயிறு எமிலியும் சூக்கியும் சேர்ந்து என்று எட்டுப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு மாலையைப் பிரித்துத் தனியாகப் பேசினார். பிள்ளையின் உள்ளம் திறப்பது அப்படித்தான்.

நாசரேத்துக்காரர்:
சிஸ்டர், அந்தக் கடிதம் எதற்காக எழுதப்பட்டது? கணவர் லண்டனில் இருந்தபோது எப்வொர்த் ஊர் வீட்டில் ஞாயிறு மாலைக் குடும்ப ஜெபத்தை அந்த அம்மாவே நடத்தினார். அயலார் வந்து சேர்ந்து 200 பேருக்கு மேல் ஆகிவிட்டார்கள். அதை ஆட்சேபித்த கணவருக்குத்தான் அந்தப் பதில். தனிப்பேச்சு கூட்டு ஜெபத்தோடு சேர்ந்து வந்தது, அதற்குப் பதிலாக வரவில்லை.

சாலொமோன்மண்டபம்:
அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூட்டு ஜெபம் எங்கே கெடுகிறது என்பதையும் பேச வேண்டும். "ஆண்டவரே, இவன் போனையே பார்க்கிறான், கணக்கில் 42 வாங்கியிருக்கிறான், புத்தியைக் கொடும்" என்று தங்கச்சி பக்கத்தில் இருக்கும்போது அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார். அது ஜெபமே இல்லை, பிள்ளை பதில் பேச முடியாதபடி கொடுக்கிற திட்டு. "பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி" கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயர் 3:21 சொல்வது இதைத்தான். பரீட்சை மார்க்கைப் பற்றித் தனியாகப் பேசுங்கள். துணி மடிக்கும்போதோ கடைக்கு நடந்து போகும்போதோ பேசலாம். பைக்கில் வேண்டாம், காற்றில் பாதி காதில் விழாது. உபாகமம் 6:7-இலும் "வழியில் நடக்கிறபோதும்" என்றுதானே இருக்கிறது.

ஞாயிறுபள்ளி அக்கா:
இடையில் ஒரு வார்த்தை. வாசிப்புக்கு அச்சிட்ட வேதாகமத்தை எடுங்கள். ஆப்பில் வாசித்தால் வசனத்தின் மேலேயே வாட்ஸ்அப் செய்தி வந்து நிற்கும். சின்னப் பிள்ளைகளுக்குச் சம்பவம் முடிகிற இடத்தில் நிறுத்துங்கள். மாற்கு 4:35-41-இல் ஏழே வசனத்தில் புயல் எழும்பி அடங்கிவிடுகிறது. "இயேசு எதன்மேல் தலை வைத்துத் தூங்கினார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். தலையணை என்று கடைக்குட்டி முந்திக்கொண்டு சொல்லும்.

நாசரேத்துக்காரர்:
அக்கா சொன்ன அளவு நல்லது, அதிகாரக் கணக்கை விட்டுவிடுகிறேன். மாற்குவில் 678 வசனம். நாளுக்கு 12 வீதம் 57 நாள், வாரம் 5 நாள் வாசித்தாலே பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு சுவிசேஷம் முடியும். நேரத்தையும் சாப்பாட்டுக்கு முன்னால் ஏழரைக்கு மாற்றலாம். மார்க்கை ஜெபத்தில் இழுப்பதையும் நிறுத்த வேண்டியதுதான். ஆனால் வாரம் ஒருநாள் என்பதற்கு மட்டும் சம்மதிக்க மாட்டேன். பரீட்சை மாதத்தில் 20-ஐ 8 ஆக்குங்கள்: ஒரு சரணம், ஐந்து வசனம், கர்த்தருடைய ஜெபம்.

சாலொமோன்மண்டபம்:
எட்டு நிமிடம் என்றால் எனக்கும் சம்மதம். மிச்சப்படுகிற 12 நிமிடத்தில் எந்தப் பிள்ளையோடு, எந்தக் கிழமை தனியாகப் பேசுவது என்று இந்த வாரமே காலண்டரில் எழுதி வையுங்கள், அண்ணாச்சி. எழுதாவிட்டால் அதை டிவி எடுத்துக்கொள்ளும்.