சிங்கப்பூர் சொந்தங்கள் குழு: ஞாயிறு வளைகாப்பு

வியாழன்

விஜி (மாலை 5:40): சுதா வளைகாப்புக்கு நகர மன்ற அனுமதி வந்துவிட்டது. எங்கள் புளோக் கீழ்த்தளம்தான், ஞாயிறு காலை 10 முதல் 2 வரை. தலைக்கணக்கு இன்று இரவுக்குள் வேண்டும், சாப்பாட்டுக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

குமார்: எங்கள் வீட்டில் 6. அம்மாவும் வருகிறார்கள்.

மீனா அத்தை: (வீடியோ, பலமுறை பகிரப்பட்டது)

மீனா அத்தை: சிங்கப்பூரில் நம் ஆள் மூன்று பேரை வெட்டிக் கொன்றுவிட்டானாமே. எல்லாரும் பத்திரமா

பெரியப்பா: கார்த்தி எங்கே. போன் எடுக்கவில்லை

கார்த்தி: வேலையில் இருந்தேன் அப்பா. நன்றாக இருக்கிறேன்.

பெரியப்பா: சரி

பிரகாஷ்: அத்தை, அந்த வீடியோவை முதலில் அழித்துவிடுங்கள். யாரும் சாகவில்லை. இரண்டு பேருக்குள் சண்டை, ஒருவருக்குக் கத்திக்குத்து, மருத்துவமனையில் இருக்கிறார். குத்தியவரைப் பிடித்துவிட்டார்கள். போலிஸ் சொன்னது அவ்வளவுதான். இங்கே 2019 முதல் பொய்ச் செய்திக்கென்றே பொஃப்மா சட்டம் இருக்கிறது.

மீனா அத்தை: எனக்கு வந்தது, அனுப்பினேன்

மீனா அத்தை: குத்தினவன் எந்த ஊர்

பிரகாஷ்: தெரியாது அத்தை. இந்திய ஊழியர் என்று மட்டும் போட்டிருக்கிறார்கள்.

மீனா அத்தை: நம் பக்கமாக இருக்கக் கூடாது முருகா

விஜி: தலைக்கணக்கு.

கார்த்தி: அக்கா, நான் வருவேன். ஆனால் என் அறை போய்விட்டது. இன்று இரவு 7 மணிக்கு வீடு பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு மாத முன்பணம் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தயாராக வைத்திருந்தேன். மதியம் ஏஜென்ட்டிடமிருந்து செய்தி, உரிமையாளர் மனம் மாறிவிட்டாராம்.

விஜி: ஏன்?

கார்த்தி: காரணம் சொல்லவில்லை. நேற்று வரைக்கும் என் எஸ் பாஸ் (வேலை அனுமதி) நகல், சம்பளச் சீட்டு எல்லாம் பார்த்துச் சரி என்றார். இன்று காலையில்தான் அந்தக் கத்திக்குத்துச் செய்தி வந்தது.

சாந்தி: இந்தியர் வேண்டாம் என்று ஏஜென்ட் விளம்பரத்தில் போடக் கூடாது, விதி இருக்கிறது கார்த்தி. அதனால் வாயால் சொல்ல மாட்டார்கள். ‘அதிகம் சமைக்கக் கூடாது’ என்பார்கள், ‘வேறு ஆள் வந்துவிட்டார்’ என்பார்கள். நான் இங்கேயே பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு உன் பிரகாஷ் அண்ணனோடு வாடகைக்கு வீடு தேடியபோது என் இளஞ்சிவப்புக் குடிமக்கள் அடையாள அட்டையைக் காட்டிய பிறகுதான் இரண்டு இடத்தில் கதவே திறந்தது.

பெரியப்பா: ராத்திரி எங்கே படுப்பான்

கார்த்தி: இந்த மாதக் கடைசி வரை பழைய அறை இருக்கிறது அப்பா.

மீனா அத்தை: அவனுக்கு ஒரு பெண் பார்த்துவிட்டால் எல்லாம் சரியாகும்

கார்த்தி: அத்தை.

குமார்: சாப்பாட்டில் பருப்பு வடையா மெதுவடையா? அம்மா கேட்கிறார்கள்.

விஜி: மெதுவடை. ராஜேந்திரன் சித்தப்பா, உங்கள் ஊழியர் விடுதித் தம்பிகள் எத்தனை பேர்? நாற்காலி மேசை இறக்க வருவதாகச் சொன்னார்களே.

ராஜேந்திரன் சித்தப்பா: 15.

பிரகாஷ்: அக்கா, ஒன்று சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஞாயிறு அந்த 15 பேர் வேண்டாமே. சம்பவம் நடந்து நான்கு நாள்கூட ஆகியிருக்காது. கீழ்த்தளத்தில் கூட்டமாக நின்றால் மேலேயிருந்து யாராவது போலிசைக் கூப்பிடுவார்கள். சுதாவுக்கு ஏழாம் மாதம். நாற்காலிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம், காசு நான் தருகிறேன்.

பிரகாஷ்: எங்கோ யாரோ கத்தி எடுத்தால் அலுவலகத்தில் பதில் சொல்வது நான்தான். இன்று மதியம் உணவு மேசையில் ‘உங்கள் ஆள்களுக்கு என்ன ஆயிற்று’ என்று ஒருவர் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் 14 வருடமாக இங்கே வரி கட்டுகிறேன்.

குமார்: அதுவும் உண்மைதான்

விஜி: எல்லாருக்கும் சொல்லிவிட்டேன் பிரகாஷ். இப்போது எப்படி மாற்றுவது?

சுதா: எனக்கு அவர்கள் வரட்டும்.

மீனா அத்தை: வளையல் எத்தனை டஜன் வாங்கினீர்கள்

விஜி: 20 அத்தை.

மீனா அத்தை: போதாது

ராஜேந்திரன் சித்தப்பா: டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

குமார்: சித்தப்பா டைப் பண்ணுகிறார் என்றால் நான் போய்க் குளித்துவிட்டு வரலாம்.

ராஜேந்திரன் சித்தப்பா (இரவு 8:52): பிரகாஷ், நான் 1997இல் வேலை பெர்மிட்டில் வந்தவன். 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, நானும் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், இருந்தேன். ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, காய் வாங்கிக்கொண்டு எட்டு மணிக்கு பஸ் ஏறிவிட்டேன். ஒன்பதரைக்குள் ரேஸ்கோர்ஸ் ரோடும் ஹாம்ப்ஷயர் ரோடும் சேரும் இடத்தில் விடுதிக்குப் போகும் பஸ்ஸில் அடிபட்டு நம் ஊழியர் ஒருவர் செத்துப்போனார். 33 வயது, நம் புதுக்கோட்டைப் பக்கம். அப்புறம் நடந்த கலவரம் உலகத்துக்கே தெரியும். போலிஸ் வண்டி, ஆம்புலன்ஸ் எல்லாம் எரிந்தது. காப்பாற்ற வந்த அதிகாரிகளில் ஐம்பதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காயம். நாற்பது வருடத்துக்கு மேல் இந்த ஊர் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. செய்தவர்களை நான் ஒரு நாளும் நியாயப்படுத்த மாட்டேன். ஆம்புலன்ஸ்மேல் கல் எறிந்த கைக்கு என்ன நியாயம் இருக்கிறது?

ராஜேந்திரன் சித்தப்பா: மறுநாள் காலை சைட்டில் வேலை தொடங்குவதற்கு முன் எல்லாரும் வரிசையில் நின்றோம். தினமும் என்னை ‘ராஜா, சாப்பிட்டாயா’ என்று கேட்கும் சீனக் கங்காணி அன்று என் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் பயந்துதான் போயிருந்தார், அவர்மேல் குறை இல்லை. ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு காய் வாங்கப் போன இடத்தில் மூன்று முறை பெர்மிட்டை எடுத்துக் காட்டினேன்.

ராஜேந்திரன் சித்தப்பா: போலிஸ் சுமார் 4000 பேரை விசாரித்தது. வழக்குப் போட்டது 25 பேர்மேல். 57 பேரை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அந்தத் தெருவில் கல் எறிந்தவர்களைத் தடுத்த நம் ஆள்களும் இருந்தார்கள். ஒருவர் குறுக்கே நின்று கையை விரித்துத் தடுக்கிற வீடியோவை நீயே எனக்கு அனுப்பினாய். விசாரணைக் குழுவின் தலைவர் ஜி. பன்னீர் செல்வம், முன்னாள் நீதிபதி, அவரும் தமிழர்தான். 2014இல் அறிக்கை வந்தது. குடி ஒரு காரணம். அடிபட்டவரை விட்டுவிட்டு பஸ் ஓட்டுநரையும் கூட வந்த பெண்ணையும் காப்பாற்றுகிறார்கள் என்று கூட்டம் தப்பாக நினைத்தது இன்னொரு காரணம். அந்த ஒரு ராத்திரியால் வந்த சட்டம் 2015 ஏப்ரல் முதல் தீவு முழுக்க எல்லாருக்கும். இரவு 10:30க்கு மேல் காலை 7 வரை பொது இடத்தில் யாரும் குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் இன்னும் கடுமை.

குமார்: குளித்துவிட்டு வந்துவிட்டேன். இன்னும் முடியவில்லையா

சாந்தி: குமார், சும்மா இருங்கள். எழுதட்டும்.

ராஜேந்திரன் சித்தப்பா: முடிக்கிறேன். அன்றைக்கு என்னை ரொம்பப் புண்படுத்தியது கங்காணி இல்லை. நம் ஆள்கள். வேலைப் பாஸ் நல்ல பாஸாக வைத்திருந்தவர்கள், கோயிலில் என்னைப் பார்த்து ஒதுங்கினார்கள். ‘நாங்கள் வேறு, அவர்கள் வேறு’ என்று வெள்ளைக்காரரிடமும் சீனரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். யார் நம்பினார்கள்? அடுத்தவன் கண்ணுக்கு நீயும் நானும் அந்தக் கத்திக்காரனும் ஒரே நிறம். என் 15 பேரைத் தள்ளிவைத்தால் உன்னிடம் அந்தக் கேள்வி கேட்டவர் நாளைக்குக் கேட்காமல் இருப்பாரா?

பெரியப்பா: ராஜேந்திரன் சொல்வது சரி

மீனா அத்தை: நீளமாக இருக்கிறது, நாளைக்குப் படிக்கிறேன்

பிரகாஷ்: சித்தப்பா, நான் அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. நேரம் சரியில்லை என்கிறேன். பெயர் கெட்டுப்போனால் அடி வாங்குவது கார்த்தி மாதிரி ஆள்கள்தான். அவன் அறையே போய்விட்டது பாருங்கள்.

கார்த்தி: அண்ணே, என் அறை அவர்களால் போகவில்லை. ஒருத்தன் செய்ததை எல்லார்மேலும் போட்டதால் போனது. இப்போது நாமும் அதையேதான் செய்கிறோம்.

பெரியப்பா: கார்த்தி, அண்ணனிடம் மரியாதையாகப் பேசு

கார்த்தி: சரி அப்பா.

சாந்தி: அவன் மரியாதையாகத்தான் பேசினான் மாமா. நானும் ஒன்று சொல்கிறேன், என் கணவர் கோபப்பட்டாலும் பரவாயில்லை. 2021 மே மாதம் சுவா சூ காங்கில் வேக நடை போன 55 வயது இந்தியப் பெண்ணை ஒருவன் திட்டி நெஞ்சில் உதைத்தான், நினைவிருக்கிறதா? அப்போது கொவிட் இந்தியாவிலிருந்து வந்தது என்று பேச்சு. ‘சீகா’ என்பது இந்தியாவோடு 2005இல் போட்ட வர்த்தக ஒப்பந்தத்தின் பெயர், அதையே இணையத்தில் நம்மைத் திட்டும் சொல்லாக்கிவிட்டார்கள். உதைத்தவனை 2023இல் நீதிமன்றம் தண்டித்தது. உதைப்பதற்கு முன் அவன் அந்த அம்மாவிடம் எந்தப் பாஸ் என்று கேட்கவில்லை. அந்த வாரம் என் அம்மா, இங்கேயே 60 வருடமாக இருப்பவர், காலை நடையை நிறுத்திவிட்டார்.

விஜி: ஆமாம், அம்மா சொன்னார்கள்.

பிரகாஷ்: வீட்டில் பேசலாம் சாந்தி.

சாந்தி: இங்கேயே பேசலாம்.

ராஜேந்திரன் சித்தப்பா: பழையதைக் கிளறக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் வீட்டில் பால் காய்ச்சிய அன்று லிஃப்டுக்குள் நுழையாத அலமாரியை நாலு மாடி படியேற்றியது இதே தம்பிகள். மணி பன்னிரண்டு. சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. கீழே புல்லில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

(இரவு 9:31 முதல் 9:48 வரை யாரும் எழுதவில்லை)

மீனா அத்தை: இனிய இரவு வணக்கம் (படம்)

பிரகாஷ்: சித்தப்பா, அன்றைக்கு எனக்குத் தெரியாது. நான் மேலே ஐயரோடு இருந்தேன். நீங்கள் அப்போதே சொல்லியிருக்கலாம்.

ராஜேந்திரன் சித்தப்பா: சொல்லியிருக்கலாம்.

குமார்: விஜி அக்கா, போலிஸைப் பற்றித்தான் பயம் என்றால் அனுமதிக் கடிதத்தை அச்செடுத்துத் தூணில் ஒட்டிவிடலாமே. மேல் மாடிகளில் நமக்குத் தெரிந்த வீடுகளுக்கு முன்கூட்டியே பலகாரம் கொடுத்துச் சொல்லிவிடலாம். நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

விஜி: அது நல்ல யோசனை. எதிர்வீட்டுச் சீனப் பாட்டியே வளையல் போட வருகிறேன் என்று கேட்டார். ஐந்தாம் மாடி மலாய் அக்காவும் கேட்டார், அவர்களுக்கு ஹலால் கேக் தனியாக.

சுதா: பாட்டி வரட்டும். அந்தத் தம்பிகளும் வரட்டும். எல்லாரும் போட்டால் 20 டஜன் போதாது அக்கா.

மீனா அத்தை: நான்தான் சொன்னேனே

பிரகாஷ்: 15 பேரும் ஒரே நேரத்தில் வர வேண்டாம், இரண்டு குழுவாக வரட்டும். என்னால் இப்போதைக்கு அவ்வளவுதான் ஒத்துக்கொள்ள முடிகிறது.

ராஜேந்திரன் சித்தப்பா: நாற்காலி இறக்க எட்டரைக்கு எட்டுப் பேர் வருவார்கள். அவர்கள் சாப்பிடாமல் போக மாட்டார்கள். மற்றதை ஞாயிறு பார்க்கலாம்.

பெரியப்பா: கார்த்திக்கு அறை என்ன ஆயிற்று

சாந்தி: கார்த்தி, மாதக் கடைசிக்குள் கிடைக்கவில்லை என்றால் எங்கள் வீட்டுக்கு வா. ஒரு அறை சும்மாதான் இருக்கிறது.

கார்த்தி: அண்ணன் என்ன சொல்கிறார் அண்ணி?

சாந்தி: கேட்கிறேன்.

விஜி: சரி, சாப்பாட்டுக்காரருக்கு 70 என்று சொல்கிறேன். யாராவது நாளை காலை தேக்காவில் இன்னும் 10 டஜன் வளையல் வாங்கிவர முடியுமா?

குமார்: பச்சையா சிவப்பா?

மீனா அத்தை: இரண்டும்

பிரகாஷ்: நான் வாங்கி வருகிறேன். சித்தப்பா, அந்த அலமாரியைத் தூக்கியவர்களில் யார் யார் இன்னும் இங்கே இருக்கிறார்கள்?

ராஜேந்திரன் சித்தப்பா: மூன்று பேர். மற்றவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள்.