சிக்காகோவிலிருந்து காரில்: யெல்லோஸ்டோனா, கிராண்ட் கேன்யனா?

அம்பை வாத்தியார்:
மகன் சிக்காகோவுல இருக்கான். நாங்க ரெண்டு பேரும் இப்ப அவன்கூடதான். அக்டோபர் கடைசியில 12 நாள் லீவாம், "கார்லயே மேற்க போயிட்டு வருவோம்பா"ங்கான். அவனுக்கு வெந்நீர் ஊத்து இருக்க யெல்லோஸ்டோன் பூங்காவுக்குப் போகணும், மருமகளுக்கு கிராண்ட் கேன்யன். நான் பூகோளம் எடுத்தவன், கொலராடோ ஆறு அறுத்த அந்தக் கேன்யன் பள்ளத்தைப் போர்டுல வரைஞ்சிருக்கேனே தவிர கண்ணால பாத்ததில்ல. வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி. ரெண்டு மணி நேரம் சேந்தாப்ல உக்காந்தா கால் வீங்கிரும். போனவங்க சொல்லுங்க.

கல்லிடைக்காரன்:
அண்ணாச்சி, அந்த மாசத்துக்கு யெல்லோஸ்டோன் வேண்டாம். சுமார் 8000 அடி உசரம். பனி விழுந்தா திடீர்னு ரோட்ட மறிச்சிருவான், நவம்பர் பொறந்ததும் முக்காவாசி ரோட்ட அடைச்சே போட்ருவான்.

நான் அம்மாவ ஆகஸ்ட்ல கூட்டிட்டுப் போனேன். அயோவாவுல காத்தாலையா நிக்கும். தூங்கி முழிச்சவ, "பணகுடி வந்துட்டாலே?"ங்கா. பெறகு நெப்ராஸ்கா. காலையில பாத்த அதே சோளக்காடுதான் சாயங்காலமும். மூணு நாள் ஓட்டிப் போய் ஓல்டு ஃபெய்த்ஃபுல் முன்னால உக்காந்தோம். வெந்நீர் ஊத்து, ஒன்றரை மணிக்கொருக்கா பீச்சும். கந்தக வாடைக்கு முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டு, "குத்தாலத்துல இப்படிக் காக்க வேண்டாம்லா"ன்னுட்டா. எனக்கு அங்கேயே காத்து போன மாதிரி ஆயிட்டு.

கேன்யன்ல தெக்கு விளிம்பு வருசம் பூரா தொறந்திருக்கும். தார் போட்ட நடைபாதை, இலவச பஸ், மதினிக்கு அலைச்சலே இல்ல. வடக்கு விளிம்புப் பக்கம் போயிராதீங்க, குளிர் காலத்துல அடைப்பு. ஆனா ஒரு வழிக்கே 1700 மைல். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓட்டினாலும் போக மூணு நாளுக்கு மேல, வரவும் அப்படியே. பன்னெண்டுல பாதி ரோட்டுலயே போயிரும்.

பாளை அக்கா:
எதுக்கு கார்? சிக்காகோவுலருந்து சவுத்வெஸ்ட் சீஃப்னு ரயில் இருக்கு. மத்தியானம் ஏறினா மறுநா ராத்திரி ஃபிளாக்ஸ்டாஃப், கேன்யனுக்குப் பக்கத்து ஊரு. எந்திரிச்சு நடக்கலாம், கால நீட்டலாம். அங்க கார் வாடகைக்கு எடுத்தா தெக்கு விளிம்பு 80 மைல்தான். ஓட்டணும்னு ஆசப்படுற தம்பிய, ஃபிளாக்ஸ்டாஃப்லருந்து வில்லியம்ஸ் வரைக்கும் பழைய 66ஆம் நம்பர் ரோட்டுல விடுங்க. 1926ல நம்பர் போட்ட ரோடு, சிக்காகோவுலதான் தொடக்கம்.

இன்னொண்ணு, தங்குற ரூம்ல தாளிச்சிராதீங்க. நான் ஒரு மோட்டல்ல ரசத்துக்குக் கடுகு போட்டேன். பொரிஞ்ச அடுத்த நிமிசம் தலைக்கு மேல அலாரம். பக்கத்து ரூம்காரங்க பூரா போர்வையோட வெளிய நிக்காங்க. கார்டுல அபராதம் வேற பிடிச்சான். பொடியும் புளியோதரையும் போதும்.

அம்பை வாத்தியார்:
ரயில்னு சொன்னதும் வீட்டம்மா எந்திரிச்சு உக்காந்துட்டா. மகன் மூஞ்சிதான் தொங்கிப் போச்சு, 66ஆம் நம்பர் ரோட்டச் சொல்லித்தான் தேத்தணும். அக்கா, அந்த ரயில்ல கீழ் பெர்த் கேட்டு வாங்கலாமா?